விசை கொஞ்சம் கனமாக இருக்கட்டும்

டோப்ரிஸ், நெப்ராஸ்கா
செப்டம்பர் 9, 1974

அன்புள்ள எமில்,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் இடுப்பு வலி குறைந்ததா? நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, தம்பி இளைத்துப்போய்விட்டான் என்று புலம்பினேன். அதற்கு லெஸ்டர், "துப்பாக்கி ரிப்பேர்காரன் இளைச்சா ஊருக்கு நல்லதுதானே பினா, சண்டை கொறஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் அவருடைய நக்கலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

இந்த வருடம் பிளம் மரம் கிளை ஒடியக் காய்த்தது. அதை வைத்துக் கோலாச்சி ரொட்டி சுட்டு அனுப்பலாம் என்றால் உன் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கல்லாகிவிடும். ஜாமாகக் காய்ச்சி அனுப்புகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், சிரிக்காதே. லெஸ்டர் துணை ஷெரிஃபாக இருந்த காலத்திலிருந்து வைத்திருக்கிறாரே ஒரு ரிவால்வர், அதன் விசையை இன்னும் கனமாக்க முடியுமா? பலமாக அழுத்தினாலும் சட்டென்று சுடாத அளவுக்கு. அவருக்குத் தெரியாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

பதிலைத் தனித் தாளில் எழுதி, உன் வீட்டுக்காரி டார்லீன் எனக்குப் போடும் கடிதத்துக்குள் மடித்து வை. போன் செய்யாதே. எங்கள் ரோட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே லைன். நான் ஹலோ சொல்வதற்குள் பாதி ஊர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும்.

குளிரில் வெறும் சட்டையோடு கடையில் உட்காராதே.

உன் அக்கா,
அல்பினா


ஷெரிடன், வயோமிங்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பைத் தவிர. டாக்டர் அதற்கு ஒரு பட்டை கட்டிவிட்டிருக்கிறார். சேணம் பூட்டிய குதிரை மாதிரி நடக்கிறேன். ஜாம் வந்தது. ஒரு பாட்டிலை நின்ற இடத்திலேயே கரண்டியால் வழித்துத் தின்றேன். டார்லீனிடம் அது வழியில் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

சிரிக்காதே என்று சொல்லிவிட்டுச் சிரிப்பு மூட்டினால் நான் என்ன செய்ய? என் கடைப் படியேறுகிற அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான். "எமில், விசைய கொஞ்சம் லேசாக்கிக் குடுப்பா." கனமாக்கித் தா என்று யாரும் கேட்டதில்லை. ஆபத்து நேரத்தில் கை எப்படியும் நடுங்கும். விசை கனமாக இருந்தால் இழுக்கிற இழுப்பில் துப்பாக்கியின் வாய் ஒரு பக்கம் சாயும், குண்டு சுவரில் போய்ப் பதியும். வேட்டைத் துப்பாக்கி சொதப்பினால் மானுக்கு ஆயுசு கெட்டி. வீட்டைக் காக்கிற துப்பாக்கி சொதப்பினால் வீட்டுக்காரனுக்குத்தான் சவப்பெட்டி.

அத்தானின் ரிவால்வர் விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும். அதுவே ஜாஸ்தி. போதாக்குறைக்கு அவருக்குத் தெரியாமல் வேறு செய்யச் சொல்கிறாய். ஒருத்தனுடைய துப்பாக்கியில் அவனைக் கேட்காமல் கை வைத்தால் இந்தப் பக்கம் பல்லை உடைப்பார்கள். அத்தானையே ஒரு வரி எழுதச் சொல், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

திடீரென்று உனக்கு என்ன பயம்?

உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி,
எமில்


டோப்ரிஸ்
செப்டம்பர் 30

அன்புள்ள எமில்,

இருவரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். உன் பட்டைக் கதையைக் கேட்டுவிட்டு லெஸ்டர், லாடமும் அடித்துவிட்டார்களா என்று கேட்டார். உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

பயம் எல்லாம் ஒன்றுமில்லை. துப்பாக்கி சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. துடைக்கும்போது என் சட்டைக் கை எங்காவது மாட்டிச் சுட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்டேன். அவ்வளவுதான்.

எடுத்து வைக்கலாமே என்பாய். தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அதைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டால்தான் கரண்டியைக் கையில் எடுப்பார். டியூட்டியில் இருந்த காலத்துப் பழக்கம். ஒருநாள் நான் தோட்டாக்களை எடுத்து மாவு டப்பாவில் போட்டு வைத்தேன். அன்றைக்கு அவர் அலமாரி, படுக்கை, அடுப்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டதாக சத்தம் போட்டார். நானே எடுத்துக் கொடுத்த பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். வெற்றுத் தோட்டா போட்டு வைக்கலாம் என்றும் எழுதிவிடாதே, அவர் கை எடையிலேயே கண்டுபிடித்துவிடும்.

இப்போது அவருக்குக் கொஞ்சம் மறதி. போன வாரம் வண்டியைத் தானியக் கிடங்கில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, வண்டி திருடுபோய்விட்டது என்று ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்தார். ஆபீஸ் பையன்கள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மேஜையில் காபி குடித்தார்கள். லெஸ்டர் பழைய கதைகளைச் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயசானால் எல்லோருக்கும் உள்ளதுதான்.

முடியாது என்றால் விட்டுவிடு. நான் கேட்டதை மறந்துவிடு. டார்லீனுக்கு என் அன்பு.

அக்கா,
அல்பினா


டோப்ரிஸ்
அக்டோபர் 15

மச்சான் எமிலுக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் அக்காவும் நலம். என் பேச்சைக் கேட்காததைத் தவிர அவளுக்கு வேறு வியாதி இல்லை. உன் சேணத்தைக் கழற்றியாயிற்றா?

பஸ் பார்சலில் என் ரிவால்வரை அனுப்பியிருக்கிறேன். விசையை எவ்வளவு லேசாக்க முடியுமோ அவ்வளவு லேசாக்கு. விரல்கள் மரத்துப்போகின்றன. கடைசிவரை இழுக்கத் தெம்பு இல்லை.

காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒருத்தி வருகிறாள். அல்பினாவின் நீலக் கம்பளிச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டு, அடுப்பங்கரையில் நின்று பாத்திரங்களை உருட்டுகிறாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். யாரிடமோ விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வருகிறாள். நான் எத்தனை திருடர்களைப் பார்த்தவன், இவ்வளவு துணிச்சலை எவனிடமும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அல்பினாவை வீட்டில் காணோம். அப்புறம் கேட்டால், "இங்கதானே இருந்தேன்" என்கிறாள். அந்தத் திருடி அல்பினாவை எங்காவது கட்டிப்போட்டுவிட்டு வருகிறாளோ, மிரட்டி வைத்திருக்கிறாளோ என்று நான் சந்தேகப்படுகிறேன்.

போன வாரம் அந்தத் திருடிமேல் துப்பாக்கியை நீட்டிவிட்டேன். பாதி இழுப்பதற்குள் விரல் சோர்ந்துபோனது. அவள் பின்கதவு வழியாக ஓடிவிட்டாள். அடுத்த தடவை விடமாட்டேன்.

அல்பினாவிடம் மூச்சு விடாதே. பயந்துபோவாள். சீக்கிரம் அனுப்பு.

லெஸ்டர்


ஷெரிடன்
அக்டோபர் 21

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

அத்தானின் ரிவால்வரும் கடிதமும் வந்தன. கடிதத்தைப் படித்து முடித்ததும் கடையை அப்படியே மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் எழுதியதையெல்லாம் திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சம் மங்கும்போது உங்கள் அடுப்பங்கரைக்கு ஒருத்தி வருகிறாளாம், நீலக் கம்பளிச் சட்டையில். அவள்மேல் துப்பாக்கியை நீட்டினாராம். அது நீதானே?

சட்டைக் கை மாட்டிக்கொள்ளும் என்று எழுதினாயே. நானும் அதை நம்பிக்கொண்டு வேட்டைத் துப்பாக்கி, மான் என்று கதை அளந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துப்பாக்கி என் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது இனி அங்கே வராது. நீ இங்கே கிளம்பி வந்துவிடு. இல்லை என்றால் நான் வருகிறேன், பட்டையும் டாக்டரும் எக்கேடு கெட்டுப் போகட்டும். எனக்கு உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் எழுது.

எமில்


டோப்ரிஸ்
அக்டோபர் 27

அன்புள்ள எமில்,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் இடுப்பை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதே.

ஆமாம், நான்தான். பகலில் அவர் என் லெஸ்டர். காலையில் காபி போட்டு எனக்கு முதலில் ஊற்றுவார். வெயில் சாய ஆரம்பித்ததும் முகம் மாறும். கண் என்னைத் தாண்டி எங்கோ பார்க்கும். "நீ யாரு? என் பொண்டாட்டி எங்கே?" என்பார். "நான்தான் பினா" என்றால் கோபம் இன்னும் ஏறும். வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கக் கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு நீட்டியபோது நான் ஓடிப்போய்க் கோழிக்கூண்டில் ஒளிந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து அவரே லாந்தரை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். "பினா, இங்க என்ன பண்றே? உள்ளே ஒரு திருட்டுச் சிறுக்கி வந்தா, வெரட்டிட்டேன். பயப்படாம வா" என்று தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டு அழைத்துப்போனார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

டாக்டரிடம் காட்டியாயிற்று. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் தடித்துவிட்டது, மருந்து இல்லை என்றார். அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அங்கே ஒரு பெரியவரை நாற்காலியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். லெஸ்டரை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. ஷெரிஃபிடம் சொன்னால் காலையில் வருவார், காபி குடிப்பார், சிரித்துவிட்டுப் போவார்.

துப்பாக்கியை நீ வைத்துக்கொள்வதால் ஒன்றும் தீராது. அது பார்சலில் போன நாளிலிருந்து ரொட்டி அறுக்கிற கத்தி அவர் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. கத்திக்கு விசை கிடையாது, எமில். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு துப்பாக்கியும் விற்கிற ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குவார். முன்னாள் துணை ஷெரிஃபுக்கு யார் இல்லை என்பார்கள்? அதில் உன்னால் கை வைக்க முடியாது.

அதனால் திருப்பி அனுப்பு. அவர் கேட்ட மாதிரி விசை லேசாகவே இருக்கட்டும், அவர் கைக்குத் திருப்தியாக. ஆனால் சுடக்கூடாது. உன் கையால் அப்படி ஒன்று செய்ய முடியுமா?

டார்லீனிடம் சொன்னாயா? சொல்லாதே. இல்லை, சொல். யாருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அல்பினா


ஷெரிடன்
நவம்பர் 4

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு நானும் டார்லீனும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் உனக்காக வேண்டிக்கொள்கிறாள். நான் பட்டறைக்குப் போய் நீ கேட்டதைச் செய்தேன்.

என் தொழிலில் அரைகுறை ஆட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. விசை பட்டுப்போல வர வேண்டும் என்று உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை மட்டுமீறித் தளர்த்திவிடுவார்கள். இழுக்க சுகமாக இருக்கும். ஆனால் தோட்டாவின் பின்புறத்தைத் தட்டுகிற சுத்தியலுக்கு அதை வெடிக்கவைக்கிற பலம் இருக்காது. க்ளிக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். அப்படிச் செய்து கொடுத்தவனிடம் நானே, "நீ கதவுத் தாப்பாள் ரிப்பேர் பண்ணப் போடா" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அதையே தெரிந்து, மனசாரச் செய்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பட்டறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வாங்குகிற அதே தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனாலும் ஒருபோதும் வெடிக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தோட்டாவில் சில சமயம் ஒன்று ரோஷக்காரனாக வந்து சேரும். அதனால் துப்பாக்கியின் வாய்க்கு நேரே நிற்காதே. அவர் தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்க்கக் கிளம்பினால் ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடு.

உண்மையிலேயே ஒரு திருடன் வந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துக்கொண்டேதான் செய்தேன்.

அத்தானுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், "வெண்ணெய் மாதிரி இருக்கு, பாருங்க" என்று. டாக்டர் பட்டையை அவிழ்த்ததும் வருகிறேன். அதுவரை தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாக்கிரதையாக இரு.

எமில்


டோப்ரிஸ்
நவம்பர் 12

அன்புள்ள எமில்,

இருவரும் நலம், அதிசயமாக. பார்சல் வந்தது. அவர் விசையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, ஒன் தம்பிக்கு மூளையில்லாட்டியும் வெரலு இருக்கு" என்றார். பனி கொட்டுவதால் வெளியே போய்ச் சுட்டுப் பார்க்கவில்லை. ரொட்டிக் கத்தி அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

நீ அழுதாய் என்று எழுதியதைப் படித்து நானும் அழுதேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அல்பினா


டோப்ரிஸ்
டிசம்பர் 5

அன்புள்ள எமில்,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். டார்லீனின் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

நாம் பயந்தது திங்கள்கிழமை நடந்துவிட்டது. வாத்தை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் அவர் எழுந்த சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் துப்பாக்கி என் முகத்துக்கு நேரே இருந்தது. நேரே நிற்காதே என்று நீ எழுதியிருந்தாய். கால் நகரவில்லை. கையில் சுடச்சுட வாத்துத் தட்டு, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என் பொண்டாட்டிய என்னடி பண்ணே?" என்று கேட்டார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. க்ளிக் என்றது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி, மறுபடி, ஆறு தோட்டாவும் தீரும்வரை இழுத்தார். ஒவ்வொரு தடவையும், அந்த ரோஷக்காரத் தோட்டா இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்குக் கால் வந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அதே கோழிக்கூண்டு. அதே லாந்தர். அதே கோட்டு.

மறுநாள் காலையில் அடுப்பங்கரைத் தரையைப் பார்த்து, "இங்க என்ன நடந்துச்சு பினா?" என்றார். "வாத்தைத் திங்க ரக்கூன் ஒண்ணு உள்ளே பூந்துடுச்சு, நான் பயந்து தட்டைப் போட்டுட்டேன்" என்றேன். "ஓ, ரக்கூனா?" என்று தலையாட்டினார். நம்பிவிட்டார்.

நீ செய்த வேலை என்னைக் காப்பாற்றியது. ஆனால் எமில், அவர் இழுத்ததை நான் பார்த்துவிட்டேன். முன்பெல்லாம், நீட்டினாலும் என்மேல் சுடமாட்டார், உள்ளே எங்கேயோ என்னைத் தெரிந்திருக்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது காலையில் அவர் காபி ஊற்றித் தரும்போது கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, கை உதறுகிறது. அவர் அதைப் பார்க்கிறார்.

வராதே. ரோடெல்லாம் பனி. சமாளித்துக்கொள்கிறேன். டார்லீனுக்கு என் அன்பு.

அல்பினா


டோப்ரிஸ்
டிசம்பர் 6

மச்சான் எமிலுக்கு,

இப்போது காலை. இந்த நேரத்தில் சௌக்கியம். அல்பினா கோழிக்குத் தீனி போடப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன். உன் இடுப்பு எப்படி இருந்தாலும் கடைசிவரை படி.

திங்கள்கிழமை மாலை நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அடுப்பங்கரைத் தரையில் எண்ணெய்க் கறை. ரக்கூன் வந்தது என்றாள் உன் அக்கா. பொய் சொல்ல அவளுக்கு என்றைக்குமே வராது, காது சிவந்துவிடும். அதனால் நானே விசாரித்தேன். துப்பாக்கியைத் திறந்தால் எல்லாத் தோட்டாவின் பின்புறத்திலும் சுத்தியலின் ஊசி பட்ட லேசான குழி. எதுவும் வெடிக்கவில்லை. ஆக யாரோ அத்தனை தடவையும் இழுத்திருக்கிறான். அந்தத் துப்பாக்கியை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

வெளியே பனியில் பார்த்தேன். வாசல் பக்கம் ஒரு தடமும் இல்லை, உள்ளே யாரும் வரவில்லை. பின்கதவிலிருந்து கோழிக்கூண்டுவரை ஒரே ஒரு ஜோடி வீட்டுச் செருப்பின் தடம், ஓடிய தடம். அந்தச் செருப்பு போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதன் பின்னாலேயே என் பூட்ஸ். இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது, மச்சான்? எத்தனையோ பேரை இதைவிடக் குறைந்த சாட்சியத்தில் பிடித்து உள்ளே தள்ளியவன் நான்.

நீ தொழிலில் சொதப்புகிறவன் இல்லை. தெரிந்துதான் செய்திருக்கிறாய். உன் காலில் விழ வேண்டும்.

அவள் கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து நடுங்குகிறது. நான் ரக்கூன் கதையை நம்பிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே நினைக்கட்டும். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அவள் வாயால் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன். நீ வந்து துப்பாக்கியையும் எடுத்துக்கொள், என்னையும் கொண்டுபோய் அங்கே விட்டுவிடு. அங்கே ஆட்களை நாற்காலியில் கட்டுவதை டியூட்டி காலத்தில் பார்த்திருக்கிறேன், என்னையும் கட்டினால் கட்டட்டும்.

காலையில் வா. முந்தின நாள் பக்கத்து டவுனில் தங்கிக்கொள், மாலையில் மட்டும் இங்கே வராதே. காலையில் நானே பெட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். வழியில் பொழுது சாய்ந்துவிட்டால் வண்டியைத் திருப்பச் சொல்லிச் சண்டை போடுவேன், அம்மா அப்பாவை எல்லாம் இழுத்துத் திட்டுவேன், வீட்டில் என் பெண்டாட்டி தனியாக இருக்கிறாள் என்று உன்னிடம் கெஞ்சுவேன். நிறுத்தாதே, ஓட்டு.

இதை இப்போதே நடந்துபோய்த் தபாலில் போடுகிறேன். மாலைவரை என்னிடம் இருந்தால் கிழித்துவிடுவேன்.

ஷெரிஃப் வேலையில் இருந்தவரை எவனைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. இன்றைக்குப் பயமாக இருக்கிறது, எமில். சீக்கிரம் வா.

லெஸ்டர்